சேத்தூருக்கு வந்த சேத்தக்

வெள்ளத்தில் முங்கி எழுந்த ஸ்கூட்டரைக் கண்டால் நம் ஆட்கள் முதலில் என்ன செய்வார்கள் தெரியுமா? வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிக்கரை ஓங்கி ஓர் உதை விடுவார்கள். ஸ்டார்ட் ஆகாது. இன்னோர் உதை. பக்கத்து வீட்டுக்காரர் வந்து, "நகருங்க சார், உங்களுக்கு டெக்னிக் தெரியலை" என்று தன் பங்குக்கு ஏழெட்டு உதை. அப்புறம் தெருவே சேர்ந்து தள்ளும். வெள்ளம் பரிதாபப்பட்டு விட்டுவைத்த எஞ்சினை, வெள்ளம் வடிந்த பிறகு காலாலேயே காலி பண்ணிய புண்ணியவான்கள் நம் நாட்டில் ஏராளம்.

இந்த ஞானம் எனக்கு எங்கள் ஊர் மெக்கானிக் அண்ணாச்சி போட்ட பிச்சை. ராஜபாளையத்திலிருந்து தென்காசி ரோட்டில் பத்து கிலோமீட்டர் போனால் சேத்தூர். மேற்கே கையை நீட்டினால் தொட்டுவிடலாம் போல மலை. ரோட்டோரம் ஒரு வேப்பமரம், அதில் தொங்கும் நாலு பழைய டயர், அடியில் ஒரு பலகை பெஞ்சு. அதுதான் அண்ணாச்சியின் ஒர்க் ஷாப். போர்டு கிடையாது. "போர்டு வச்சா வாடிக்கையாளர் வருவான் சார்... இப்படி இருந்தா தெரிஞ்சவன் மட்டும்தான் வருவான்" என்பார்.

எங்கள் ஊருக்குப் பழைய ஏடுகளில் 'சேற்றூர்' என்று பெயர். ஜமீன் இருந்த ஊர். புலவர்களை வைத்துச் சோறு போட்ட ஜமீன். அந்தப் புலவர்கள் ஊரின் பெயருக்கு எத்தனையோ விளக்கம் சொல்லியிருப்பார்கள். என்னைக் கேட்டால், 2023 டிசம்பர் 22-ம் தேதி சாயங்காலம் ஒரு குட்டியானையில் என் அத்தானின் ஸ்கூட்டர் வந்து இறங்கியபோதுதான் பெயர் நூற்றுக்கு நூறு பொருத்தமாகப் பட்டது. ஸ்கூட்டர் இருந்ததோ இல்லையோ, சேறு இருந்தது.

அத்தான் குடியிருப்பது திருநெல்வேலி சிந்துபூந்துறையில். பெயரிலேயே துறை இருக்கிறது. தாமிரபரணிக் கரை. டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களில் என்ன நடந்தது என்பது உங்களுக்கு நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை. தூத்துக்குடிச் சீமையில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்கிற மழையை விட ஜாஸ்தி. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் சுமார் 800 பயணிகளோடு நின்றுபோனது. திருநெல்வேலியில் ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டு குளமாக, கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ் வளாகத்துக்குள்ளேயே ஆறு மனு கொடுக்க வந்துவிட்டது.

மூன்று நாள் அக்கா வீட்டு போன் எடுக்கவில்லை. வயிற்றில் நெருப்பு. 20-ம் தேதி காலையில் யாரோ ஒருவர் போனிலிருந்து அத்தான் குரல்.

"மாப்ளே, உசுரோட இருக்கோம். மாடி வீட்டுக்காரங்க ஏத்திக்கிட்டாங்க."

"அக்கா?"

"அவளும்தான். கீழ வீட்டுல ஒண்ணும் மிச்சமில்ல. நாலு மூட்டை அப்பளம் போச்சு. திரும்பவும் உளுந்த மாவாயிட்டு..."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு, "வண்டி தண்ணியில நிக்கி மாப்ளே" என்றார்.

அந்த வண்டி என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். 1994-ல் வாங்கிய பஜாஜ் சேத்தக். ராணா பிரதாப்பின் குதிரைப் பெயர். 1972-லிருந்து நம் ரோடுகளில் ஓடியது. ஒரு காலத்தில் பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்காகக் காத்திருக்க வேண்டும். பெண் பார்க்கிற இடத்தில் 'பையனுக்கு ஸ்கூட்டர் அலாட் ஆகியிருக்கிறது' என்று சொன்னால் காபி சூடாக வரும். 2000-களின் நடுவில் அந்த இரும்புக் குதிரையைக் கட்டிப்போட்டுவிட்டார்கள். 2019-ல் அதே பெயரை ஒரு மின்சார ஸ்கூட்டருக்கு வைத்தார்கள்.

அத்தானுக்கு அது குதிரை இல்லை, கட்டைவண்டி. கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் எடுத்து, ஜங்ஷனிலும் பாளையங்கோட்டையிலும் உள்ள கடைகளுக்குப் போடுவது அவர் தொழில். காலை வைக்கிற பலகையில் ஒரு பெட்டி, பின் சீட்டில் ஒரு பெட்டி, நடுவில் அத்தான். 29 வருஷம் இப்படித்தான். அந்த வண்டி போனால் அறுபத்தெட்டு வயசில் புதிதாக ஒன்றை வாங்கித் தொழிலைத் தொடங்குவார் என்று நான் நினைக்கவில்லை. என் மனைவியும் நினைக்கவில்லை. "மதினியையும் அண்ணனையும் இங்கேயே கூட்டிட்டு வந்துருங்க. மாடி ரூம் சும்மாதானே கெடக்கு" என்றாள். நல்ல மனசுதான். ஆனால் அத்தான், கல்யாணம் ஆன நாளிலிருந்து மாமனார் ஊரில் இரண்டு ராத்திரிக்கு மேல் தங்கியதில்லை. மூன்றாம் நாள் சாப்பாட்டில் உப்பு குறையும் என்பது அவர் சித்தாந்தம்.

போனை எடுத்துக்கொண்டு வேப்பமரத்தடிக்கு ஓடினேன். அண்ணாச்சி போனை வாங்கிக்கொண்டார். நலம் விசாரிக்கவே இல்லை.

"அண்ணாச்சி, கிக்கரத் தொட்டீங்களா?"

"இல்ல. தண்ணி இப்பதான் வடியுது..."

"தொடாதீங்க. யாரையும் தொடவிடாதீங்க. கொழுந்தன் வந்தாலும் சரி, கவுன்சிலர் வந்தாலும் சரி. பிளக்கைக் கழட்டுங்க. டிக்கியில டூ-டி ஆயில் பாட்டில் இருக்கா?"

இருந்தது. சேத்தக்காரர்கள் பாக்கெட்டில் சீப்பு வைத்திருப்பது போல டிக்கியில் டூ-டி ஆயில் வைத்திருப்பார்கள். பெட்ரோலோடு ஆயிலைக் கலந்து ஊற்றினால்தான் டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் ஓடும்.

"பிளக்கு ஓட்டை வழியா அந்த ஆயில ரெண்டு மூடி ஊத்துங்க. பிளக்கைத் திரும்ப மாட்டாம, கிக்கரக் கையால... காலால இல்ல, கையால... மெதுவா அமுக்குங்க. உள்ள இருக்க தண்ணி ஓட்டை வழியா வெளிய வரும். மறுபடி ஆயில். மறுபடி அமுக்கு. நாலு தடவ. அப்படியே துணி போட்டு ஓட்டையை மூடி வச்சிருங்க."

பத்து நிமிஷத்தில் அத்தான் திரும்பக் கூப்பிட்டார். "மாப்ளே, வண்டி வாந்தி எடுக்கு!" மூன்று நாளில் அவர் குரலில் கொஞ்சம் உயிர் வந்தது அப்போதுதான்.

இதற்குள் எதிர் வீட்டுத் தம்பியின் கதை முடிந்துவிட்டது. மூன்று மாதமே ஆன புது பைக். சுவிட்சைத் தட்டினான்; முனகியது. இரண்டு நண்பர்கள் சேர்ந்து செகண்ட் கியரில் போட்டுத் தள்ளினார்கள். உள்ளே 'டொக்' என்று ஒரே ஒரு சத்தம். கனெக்டிங் ராடு வளைந்துவிட்டது.

ஏன் வளைகிறது என்பதை அண்ணாச்சி எனக்கு ஒரு ஊசிக்குழாயில் விளக்கினார். ராஜபாளையம் நாய்க்குட்டி வளர்க்கிற பையன் ஒருவன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அவனிடம் குட்டிகளுக்கு மருந்து கொடுக்கிற சிரிஞ்சு இருந்தது. காற்றை இழுத்து, நுனியை விரலால் அடைத்து, "அமுக்குங்க சார்" என்றார். பாதி வரை அமுங்கியது. தண்ணீரை இழுத்து, "இப்ப அமுக்குங்க." ஒரு நூல் நகரவில்லை. "காத்து விட்டுக் குடுக்கும். தண்ணி விட்டுக் குடுக்காது. பிஸ்டன் மேல வருது, மேல தண்ணி நிக்குது. ரெண்டுல ஒண்ணு வளையணும். தண்ணி வளையுமா?"

அந்தத் தம்பிக்கு இன்ஷூரன்ஸ் இருந்தது. அதுவும் முழு இன்ஷூரன்ஸ். அதில் வெள்ளச் சேதமும் உண்டு. வந்து பார்த்த சர்வேயர், சீட், ஒயரிங், பிரேக் எல்லாவற்றுக்கும் எழுதிக்கொண்டார். எஞ்சின் பக்கம் வந்ததும் பேனாவை மூடிவிட்டார். தண்ணீர் புகுந்தது வெள்ளத்தால். ராடு வளைந்தது ஸ்டார்ட் பண்ணியதால். இரண்டும் வேறு வேறாம். 'எஞ்சின் புரொடெக்ஷன்' என்று தனியாகக் கொஞ்சம் பணம் கட்டியிருந்தால் அதுவும் கிடைத்திருக்குமாம். பாலிசி வாங்குகிறபோது யாராவது இதைக் காது குளிரச் சொன்னதுண்டா? வண்டி டெலிவரி எடுக்கிற அன்று நாம் எலுமிச்சம்பழத்தை எந்தப் பக்கச் சக்கரத்தில் வைப்பது என்ற கவலையில் இருக்கிறோம். ஆகவே, இன்னும் வண்டி காய்ந்த நிலத்தில் நிற்கிறவர்கள் இன்றே பாலிசிக் காகிதத்தை எடுத்துப் பாருங்கள். வெறும் மூன்றாம் நபர் பாலிசி என்றால், வெள்ளத்துக்கு நயா பைசா வராது. முழு பாலிசியில், ரிப்பேர்ச் செலவு வண்டியின் பாலிசி மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் 'டோட்டல் லாஸ்' என்று சொல்லி மொத்தமாகக் கணக்குத் தீர்த்துவிடுவார்கள்.

அத்தானுடையது மூன்றாம் நபர்தான். 29 வருஷ ஸ்கூட்டருக்கு வேறு என்ன போடுவார்கள்? பழைய இரும்புக் கடைக்காரர் மட்டும் மதிப்புப் போட்டார். நூறு கிலோ சொச்சம் எடை, 2,500 ரூபாய். "சேறோட எடை போட்டா கூடக் கெடைக்குமே" என்றாள் என் மனைவி.

குட்டியானையில் வண்டியும் அத்தானும் அக்காவும் மூன்று பைகளும் சங்கரன்கோவில் வழியாக வந்து சேர்ந்தார்கள். அக்கா நேரே அடுப்படிக்குப் போய்விட்டாள். பெண்களுக்கு அந்த ஒரு சௌகரியம், எந்த வீட்டிலும் அடுப்பு அடுப்புதான். அத்தான் திண்ணையில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர், உட்கார்ந்தவர்தான். டீ கொடுத்தால் குடித்தார். பேப்பர் கொடுத்தால் மடியில் வைத்துக்கொண்டார். டிக்கியில் இருந்த பாக்கி நோட்டை வெயிலில் பரப்பி, ஒவ்வொரு தாளாகப் பிரித்துக்கொண்டிருந்தார்.

அந்த நோட்டுதான் அவருடைய பாங்க். எந்தக் கடையில் எவ்வளவு வர வேண்டும் என்பது அதில்தான் இருக்கிறது. பழைய பக்கங்கள் எல்லாம் பால் பாயின்ட் பேனா. அந்த மை எண்ணெய்ப் பசை கொண்டது. மூன்று நாள் தாமிரபரணியில் ஊறியும் எழுத்து அப்படியே இருந்தது. கடைசி மூன்று மாதம் மட்டும் பேரன் பிறந்தநாளுக்குப் பரிசாகக் கொடுத்த ஜெல் பேனா. அத்தனையும் கரைந்து பக்கம் பக்கமாக நீலவானம். தீர்ந்த கணக்கெல்லாம் பத்திரம்; வர வேண்டிய கணக்கெல்லாம் வானம்.

"கடைக்காரங்களக் கேட்டா சொல்ல மாட்டாங்களா அத்தான்?"

"அவங்க கடையிலயும் தண்ணிதான மாப்ளே ஏறிச்சு. எந்த மொகத்த வச்சுக்கிட்டுக் கேக்க?"

மறுநாள் காலையில் மெக்கானிக் அண்ணாச்சி ஆள் அனுப்பினார். எனக்கில்லை, அத்தானுக்கு. "வண்டிக்காரர் கூட நிக்கணும். இல்லாட்டி நான் கைவைக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டாராம். முப்பது வருஷமாக நான் வண்டியை விட்டுவிட்டுச் சினிமாவுக்கே போயிருக்கிறேன். என்னிடம் இப்படி ஒரு நிபந்தனை போட்டதில்லை. அத்தான் வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு கிளம்பினார். அப்புறம் தினமும் காலையில் எட்டரைக்கு ஆபீஸ் போகிற மாதிரி கிளம்பிவிடுவார். டிபன் பாக்ஸ் ஒன்றுதான் பாக்கி.

முதல் வேலையாக அண்ணாச்சி ஸ்கூட்டரைத் தண்ணீர் விட்டுக் கழுவினார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. தண்ணீரில் செத்தவனுக்குத் தண்ணீர் அபிஷேகமா? "நனைஞ்சது பிரச்னையில்ல சார், வண்டல்தான் பிரச்னை. காஞ்சா சிமென்ட்டு. காயறதுக்குள்ள நல்ல தண்ணி விட்டு எறக்கிரணும். பீச்சி அடிக்கக் கூடாது. அடிச்சா பேரிங்குக்குள்ள போயிரும். கொழந்தையக் குளிப்பாட்டுற மாதிரி ஊத்தணும்."

அப்புறம் பெட்ரோல் டேங்க். கழற்றி ஒரு கண்ணாடி ஜாடியில் கவிழ்த்தார். மேலே பெட்ரோல், கீழே தாமிரபரணி, நடுவில் வரைந்த மாதிரி ஒரு கோடு. மேலே இருப்பதை வடித்துத் திரும்ப ஊற்றிக்கொள்ளலாமே என்று என் சிக்கன புத்தி சொன்னது. கூடாதாம். இப்போது வருகிற பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் தண்ணீரைக் கண்டால் பெட்ரோலை விட்டுவிட்டு அதோடு போய்ச் சேர்ந்துகொள்ளும். மிச்சம் இருப்பது பெட்ரோல் மாதிரி இருக்கும், பெட்ரோல் இல்லை. ஜாடியோடு ஓரமாக வைத்துவிட்டார்.

கியர் ஆயிலைத் திறந்துவிட்டார். பால் ஜாஸ்தி போட்ட டீ வந்தது. ஆயிலும் தண்ணீரும் கலந்தால் அந்த நிறம்தான். உங்கள் வண்டியில் ஆயில் குச்சியை எடுத்துப் பார்த்து அந்த நிறம் தெரிந்தால், சாவியைப் பையில் போட்டுக்கொண்டு மெக்கானிக்கைத் தேடிப் போங்கள். மூன்று தடவை புது ஆயில் ஊற்றி, கையால் சுற்றி, வடித்தார்கள். மூன்றாம் தடவைதான் தேன் மாதிரி தெளிந்தது.

சைலன்சரைக் கவிழ்த்தபோது ஒரு கூடை வண்டல். ஹெட்லைட்டுக்குள் பாதி அளவு தண்ணீர் நின்று மீன் தொட்டி மாதிரி இருந்தது. மீன் இல்லை, தெருப் பிள்ளைகளுக்கு ஏமாற்றம். சீட்டு, டீயில் விழுந்த பன் மாதிரி உப்பி, இரண்டு ஆள் தூக்குகிற கனம்.

எஞ்சினைப் பிரிக்கிற அன்று நானும் போயிருந்தேன். ஃபோர்-ஸ்ட்ரோக் எஞ்சினில் கிராங்க்குக்குக் கீழே எப்போதும் ஆயில் நிற்கும். டூ-ஸ்ட்ரோக்கில் அது கிடையாது. பெட்ரோலோடு வருகிற ஆயில்தான் கிராங்க்குக்கு உயிர். அங்கே தண்ணீர் புகுந்து இரண்டு மூன்று நாள் நின்றால் பேரிங் குண்டுகளில் துரு புள்ளி போட ஆரம்பித்துவிடும். துருப்பிடித்த பேரிங்கை வைத்து ஓட்டினால் ஆயிரம் கிலோமீட்டரில் எஞ்சின் அழும். அண்ணாச்சி கிராங்க்கைக் கையில் ஏந்தி, காதருகே வைத்துச் சுற்றினார். ரேடியோவில் இலங்கை ஸ்டேஷன் பிடிக்கிற மாதிரி முகம்.

"ராடு நல்லா இருக்கு. பெரிய பேரிங்கும் பொழச்சுக்கிட்டு. அண்ணாச்சி அன்னிக்கு ஊத்துன ஆயில்தான் காப்பாத்திருக்கு. சைடு பேரிங் ரெண்டும், ஆயில் சீலும் மாத்திருவோம்."

அத்தான் ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்த துணியை எடுத்து, சிலிண்டரை மெதுவாகத் துடைக்க ஆரம்பித்தார். அந்தத் துணியையும் சொல்ல வேண்டும். சத்திரப்பட்டி எங்களுக்குப் பக்கம். ஆஸ்பத்திரிகளுக்குப் போகிற பேண்டேஜ் துணி நெய்கிற ஊர். கழிவுத் துணி கிலோக்கணக்கில் கிடைக்கும். ஒர்க் ஷாப்பில் அதுதான் துடைக்கிற துணி. பிரித்துப் போட்ட எஞ்சினும் சுற்றிலும் வெள்ளை பேண்டேஜுமாக, வேப்பமரத்தடி தர்மாஸ்பத்திரி வார்டு மாதிரி இருந்தது. போகிற வருகிறவர்கள் எல்லாம் நின்று, "எப்படி இருக்கு இப்ப?" என்று தணிந்த குரலில் விசாரித்துவிட்டுப் போனார்கள்.

மேக்னட் காயிலைக் காய வைக்க நூறு வாட் குண்டு பல்பு வேண்டும் என்றார் அண்ணாச்சி. பெட்டிக்குள் பல்பு எரியவிட்டு, காயிலை உள்ளே வைத்து மூன்று நாள் மெதுவாகச் சூடு காட்ட வேண்டுமாம். நேரடி நெருப்பு காட்டினால் மேல் பூச்சு உருகிவிடும். குண்டு பல்பை எந்தக் கடையில் கேட்டாலும் என்னை ஏதோ அரிக்கேன் விளக்குக் கேட்டு வந்தவனைப் போலப் பார்த்தார்கள். எல்லாம் எல்.இ.டி. அதில் வெளிச்சம் இருக்கிறது, சூடு இல்லை. கடைசியில் அந்த நாய்க்குட்டிப் பையன்தான் கொடுத்தான். மார்கழிக் குளிருக்குக் குட்டிகளுக்குச் சூடு காட்ட அவன் இரண்டு பல்பு வைத்திருந்தான். மூன்று நாளைக்கு ஒன்றைக் கடன் கொடுத்தான். குட்டிகள் ஒரே பல்பின் கீழ் நெருக்கிப் படுத்து எங்கள் வண்டிக்கு உதவி செய்தன.

இந்த நாட்களில் பெஞ்சில் உட்கார்ந்து கேட்ட கதைகளை எழுதினால் ஒரு தொடர்கதை தேறும். ஒன்று மட்டும் சொல்கிறேன், உபயோகப்படும். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கிய கார்கள் பல, கழுவிச் செண்ட் அடித்துக்கொண்டு வெளியூர்களுக்கு வந்துவிட்டன. அடுத்த வருஷம் ஒருவர் 'சல்லிசா முடிஞ்சது' என்று ஒரு காரைப் பெருமையாகக் கொண்டுவந்து நிறுத்தினாராம். அண்ணாச்சி பானெட்டையே திறக்கவில்லை. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தார். நுனியில் மண் கோடு! எல்லோரும் காரைக் கழுவுவார்கள், சீட் பெல்ட்டின் கடைசி முழத்தை யாரும் கழுவ மாட்டார்கள். சீட்டுக்கு அடியில் திருகாணிகளில் துரு இருக்கிறதா, கார்ப்பெட்டைத் தூக்கினால் ஊறுகாய்ப் பானை வாசனை வருகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் கத்ரீனா, ஹார்வி என்று புயல் அடித்து மூழ்கின கார்களுக்கு, பல மாநிலங்களில் பத்திரத்திலேயே 'வெள்ளத்தில் மூழ்கியது' என்று முத்திரை குத்திவிடுகிறார்கள். நம் ஆர்.சி.யில் அப்படி ஒரு கட்டம் கிடையாது. சீட் பெல்ட்தான் நமக்குப் பத்திரம்.

ஒருநாள் மின்சார ஸ்கூட்டரில் வந்த ஒரு கல்லூரிப் பையன், "என் வண்டிக்கு ஐபி 67. தண்ணிக்குள்ள போட்டாலும் ஒண்ணும் ஆகாது" என்றான். அண்ணாச்சி சிரித்தார். "ஒரு மீட்டர் ஆழம், அரை மணி நேரம், அதுக்குத்தான் அந்த நம்பர். ஆறு மூணு நாள் நின்னா அது நம்பரப் பாக்காது. முங்கிச்சுன்னா சார்ஜ் மட்டும் போட்டுராத தம்பி, கம்பெனிக்காரன் பாக்குற வரைக்கும் வீட்டுக்கு வெளியவே நிறுத்து." போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார்: "புது சேத்தக்குக்கு மூச்சே கெடையாது. மூக்குல தண்ணி ஏறுச்சுன்னு நம்மகிட்ட எதுக்கு வரப் போவுது?" சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் கையில் இருந்த ஸ்பானரைக் கொஞ்ச நேரம் துடைத்துக்கொண்டே இருந்தார்.

கியர் கேபிள், கிளட்ச் கேபிள், பிரேக் ஷூ எல்லாம் மாற்றியாயிற்று. ஆயில் சீல் ராஜபாளையத்தில் கிடைத்தது. கியர் கேபிள் மதுரையிலிருந்து பஸ்ஸில் வந்தது. சேத்தக்கின் உடம்பு முழுக்க இரும்புத் தகடு, உள்ளே பல இடங்களில் பொந்து. அந்தப் பொந்துகளில் வண்டல் போய் உட்கார்ந்துகொண்டது. காற்றடித்தார்கள், தட்டினார்கள், குலுக்கினார்கள். "மொத்தமா வராது. அது பாட்டுக்கு வரும்" என்று விட்டுவிட்டார்.

ஜனவரி 6, சனிக்கிழமை. வேப்பமரத்தடியில் கூட்டம். வழக்கம் போல ஸ்கூட்டரை ஒரு பக்கமாகச் சாய்த்து, நிமிர்த்தி... சேத்தக் வைத்திருந்தவர்களுக்கு இந்தத் தேகப்பயிற்சி ஞாபகம் இருக்கும். அண்ணாச்சி கிக்கரைக் காட்டி, "அண்ணாச்சி, இப்ப ஒதைங்க" என்றார். பதினேழு நாள் அடக்கி வைத்திருந்த உதை. முதல் உதை, ஒன்றுமில்லை. இரண்டாவது, ஒரு தும்மல். மூன்றாவதில் பிடித்துக்கொண்டது! வெள்ளைப் புகை கிளம்பி தென்காசி ரோட்டையே மறைத்தது. புகைக்குள்ளிருந்து அத்தான் இருமுகிற சத்தம் கேட்டது. இருமலா வேறெதுவுமா என்று நான் உற்றுப் பார்க்கவில்லை.

டெஸ்ட் ஓட்டிப் பார்க்கிறேன் என்று போனவர் ஒரு மணி நேரமாக ஆளைக் காணோம். அக்கா வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தாள். தேவதானம் வரை போய்விட்டு, திரும்பும்போது வழியில் இரண்டு பலசரக்குக் கடைகளில் அப்பள விலை விசாரித்துக்கொண்டு வந்திருந்தார். வந்ததும் வராததுமாக என் மனைவியிடம், "தங்கச்சி, இந்தப் பக்கம் அப்பளம் ரொம்ப வெலை சொல்லுதாங்க" என்றார். தொழில் வந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது.

அண்ணாச்சி போட்ட பில் 6,850 ரூபாய். அரசு கொடுத்த வெள்ள நிவாரணம் 6,000. அதைக் கவரோடு எடுத்து நீட்டி, மேலே 850-ஐத் தன் பனியன் பையிலிருந்து எடுத்தார் அத்தான். நான் பர்ஸை எடுத்தபோது ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள், பர்ஸ் தானாக உள்ளே போய்விட்டது. கூலி எவ்வளவு என்று பில்லில் தேடினேன். எல்லாம் சாமான் விலை. கேட்டால், "அண்ணாச்சிதான் பதினாலு நாள் எங்கூட வேலை பாத்தாங்களே, கழிச்சுக்கிட்டேன்" என்றார்.

பொங்கலுக்கு முன்னாடியே திருநெல்வேலிக்குக் கிளம்பிவிட்டார்கள். பொங்கல் சமயத்தில் அப்பளம் நன்றாகப் போகும் என்பது காரணம். மாமனார் ஊரில் பதினெட்டு ராத்திரி தங்கிய கணக்கை அவர் நோட்டில் எழுதியிருக்க மாட்டார்.

பாக்கி விஷயம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அத்தான் எந்தக் கடையிலும் வாய் திறக்கவில்லை. புது நோட்டைப் போட்டு, புது சரக்கை இறக்கினார். பாளையங்கோட்டையில் இரண்டு மூன்று கடைக்காரர்கள் அவர்களாகவே தொகையைச் சொல்லி, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தார்கள். ஒருவர் அத்தான் மனசில் வைத்திருந்ததை விட இருநூறு ரூபாய் அதிகமாகச் சொன்னாராம். இன்னும் சிலர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அதில் ஒருவர் கடையை வெள்ளத்துக்குப் பிறகு திறக்கவே இல்லை. ஜெல் பேனாவைப் பேரனுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஆடி மாசத்தில் ஒருநாள் போன் பண்ணினார். "மாப்ளே, வண்டி ஜம்முனு ஓடுது. ஆனா பிரேக் புடிச்சா கால் பலகைக்கு அடியிலருந்து இன்னும் கொஞ்சம் மண்ணு கொட்டுது. மெக்கானிக் தம்பிகிட்டக் கேளு."

கேட்டேன். அண்ணாச்சி ஸ்பானரைக் கீழே வைக்காமலே சொன்னார்: "தாமிரபரணி வண்டல் சார், லேசுல கெடைக்காது. ரோட்டுல கொட்டாம, அக்காவ ஒரு தொட்டியில புடிச்சு வச்சுக் கத்தரிக்கா போடச் சொல்லுங்க."